ஏணிக்கு நான் எழுதிய தமிழ்

குற்றம் என்னுடையது. அச்சகத்தின் மேல் பழி போட மாட்டேன்.

ஓர் அலுமினிய ஏணியின் உபயோகக் குறிப்பைத் தமிழாக்கும் வேலை. 'டெலஸ்கோப்பிக்' என்ற சொல் வரிக்கு வரி வந்தது. 'தொலைநோக்கு' என்று போட்டேன். தட்டச்சு செய்த தம்பி கேட்டான்: "ஏன்க்கா, இதுல ஏறி நட்சத்திரம் பாக்கவா?" அவனுக்குப் பாடம் எடுத்தேன். கிரேக்கத்தில் 'டெலே' என்றால் தொலைவு, 'ஸ்கோபெய்ன்' என்றால் பார்ப்பது. 1611இல் ரோமில் கலிலியோவுக்குக் கொடுத்த விருந்தில் டெமிசியானி என்ற கிரேக்க அறிஞர் தொலைநோக்கிக்குச் சூட்டிய பெயர் என்றெல்லாம் அளந்தேன். அவன் அப்புறம் வாயைத் திறக்கவில்லை.

சொன்னது சரிதான். ஏணிக்குத்தான் ஒட்டாது. கப்பல்காரர்களின் பித்தளைத் தொலைநோக்கியில் குழல்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து சுருங்கும். அந்த அடைமொழிக்கு இன்னொரு பொருள் அங்கிருந்து வந்தது. ரயில்கள் மோதி ஒரு பெட்டி மற்றொன்றுக்குள் புகுந்தாலும் ஆங்கிலத்தில் இந்தச் சொல்தான். தம்பியின் பைக்கில் முன்பக்க ஃபோர்க்கும் டெலஸ்கோப்பிக்தான். அகராதியில் இன்னும் இரண்டு வரி படித்திருந்தால் போதும். படிக்கவில்லை. எனக்குத் தெரியாததா என்ற திமிர்.

"ஏறுமுன் தொலைநோக்குப் பகுதிகள் பூட்டப்பட்டதை உறுதி செய்க." இது நான் எழுதிய வரி. ஓர் எலெக்ட்ரீஷியன் அதைப் படித்திருக்கிறார். எதைப் பூட்டுவது என்று அவருக்கு விளங்கவில்லை. ஏறிவிட்டார். மாட்டாமல் இருந்த குழாய் சரிந்தது. மேல்படி கீழ்படியின் மேல் வந்து இறங்கியது. நடுவில் அவருடைய வலது கை. இரண்டு விரல்கள் இப்போது மடங்குவதில்லை. ஸ்க்ரூடிரைவரைப் பிடிக்க முடியவில்லையாம்.

டிக்கன்ஸின் 'ப்ளீக் ஹவுஸ்' நாவலில் ஓர் அத்தியாயத்தின் தலைப்பிலேயே 'டெலஸ்கோப்பிக்' என்ற சொல் உண்டு. தூரத்து ஆப்பிரிக்காவுக்காக உருகும் ஒரு தாய். அவள் வீட்டிலேயே பிள்ளை மாடிப்படியில் உருண்டு விழுகிறது. அதைப் படித்து ரசித்தவள்தான் நான்.

ஏணி நிறுவனத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். "மூலமே தெளிவாக இல்லை" என்று பதில் எழுதினேன். பொய். மூலம் தெளிவாகவே இருந்தது. அடுத்த வேலை தர மாட்டார்களோ என்று பயந்தேன். தந்தார்கள். வாங்கிக்கொண்டேன். அந்த மனிதரைப் போய்ப் பார்க்கவில்லை.

அந்தத் தாள் இன்னும் சில வீடுகளில் ஏணியோடு கிடக்கும். கைக்கு வந்தால் என் வரியை நம்பாதீர்கள். ஒவ்வொரு குழாயும் 'கிளிக்' என்று மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள்.