ஊரார் பிள்ளையும் தன் பிள்ளையும்

மலேசியத் தமிழ்க் கல்வியின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அறிக்கைகளையும் சட்டங்களையும் வரிசைப்படுத்துவர். 1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கை, 1960ஆம் ஆண்டின் ரஹ்மான் தாலிப் அறிக்கை, 1961ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் என அவ்வரிசை நீளும். அவை அறிய வேண்டியவையே. ஆயினும், அக்காலத்தில் தோட்டந்தோறும் பள்ளிக் கதவைத் திறந்து, மணியடித்து, பிள்ளைகளை அழைத்துவந்து அமர்த்தியவர் தோட்டத்துத் தலைமையாசிரியர். அவரை வரலாறு பெயர் சொல்லிக் குறிப்பதில்லை. அத்தகையோருள் ஒருவர் என் தந்தையார். 2022ஆம் ஆண்டில், தம் 90ஆம் அகவையில் அவர் இயற்கை எய்தினார். 36 ஆண்டுகள் பணி. 35 ஆண்டுகள் ஓய்வு. அந்நெடிய வாழ்விலிருந்து நம் ஆசிரியர் உலகம் எண்ணிப் பார்க்கத்தக்க ஒன்றை மட்டும் இங்கு எழுத விழைகிறேன்.

அவர் கெடா மாநிலத்தில், சுங்கைப் பட்டாணிக்கு அருகிலுள்ள ஓர் இரப்பர்த் தோட்டத்தில், பால்மரம் வெட்டும் பெற்றோருக்கு 1932ஆம் ஆண்டில் பிறந்தார். 1941ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் படை நுழைந்தபோது தோட்டத்துப் பள்ளி மூடப்பட்டது. 1943ஆம் ஆண்டு அக்டோபரில் ஜப்பானியர் கெடாவைச் சயாமிடம் ஒப்படைத்தனர். லயத்து ஆடவர் பலர் சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்; போனவருள் திரும்பாதோர் மிகப் பலர். போர் முடிந்தபின், மீசை அரும்பும் வயதில் சிறு பிள்ளைகளோடு அமர்ந்து படித்து 7ஆம் வகுப்பில் தேறினார் தந்தையார். 1951ஆம் ஆண்டில் அதே பள்ளியில் துணையாசிரியரானார். வார இறுதியில் நகரத்துப் பயிற்சி வகுப்புக்கு மிதிவண்டியில் சென்று ஆசிரியப் பயிற்சி பெற்றார். 1962ஆம் ஆண்டில் தலைமையாசிரியரானார்.

பள்ளி என்பது தகரக் கூரையின்கீழ்த் தடுப்பில்லாத ஒரே கூடம். ஒரு மூலையில் வாய்பாடு, மறு மூலையில் செய்யுள். பெற்றோர் விடியுமுன் பெரட்டுக்குப் போய்விடுவர். பிள்ளைகளை எழுப்பி அனுப்புவார் வீட்டில் இரார். ஆகவே தந்தையார் நாள்தோறும் லயத்தைச் சுற்றிவந்த பின்னரே பள்ளிக்குச் செல்வார். வராத பிள்ளையின் வீட்டு வாசலில் மாலையில் மீண்டும் நிற்பார். அடைமழைக் காலத்தில் மரம் வெட்ட இயலாமல் கூலி குறையும்போது, அவர் கையில் நோட்டுப் புத்தகமும் இருக்கும். சில வேளைகளில் அரிசியும் இருக்கும்.

இராசேந்திர சோழன் 1025ஆம் ஆண்டளவில் கடாரத்தின்மீது படையெடுத்த செய்தியைக் கற்பிக்கையில், சன்னல் வழியே தெரியும் ஜெராய் மலையைச் சுட்டிக்காட்டுவார். “மன்னன் வந்து போனான், உங்கள் பாட்டன் வந்து தங்கினான். தங்கியவன் கதையை நீங்கள்தாம் எழுதவேண்டும்” என்பார்.

1964ஆம் ஆண்டில் என் அண்ணனுக்கு ஏழு வயது. தோட்டத்துக் கிராணிமார் தத்தம் மக்களை நகரத்து ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பிய காலம் அது. அவர்களுள் ஒருவர் வீட்டுக்கே வந்து, “வாத்தியாரையா, மூத்த பையனை டவுனில் போட்டுவிடுங்கள். இங்கே படித்து என்ன ஆகப்போகிறான்?” என்றாராம். தந்தையார் சொன்ன மறுமொழியை அம்மா பலமுறை எங்களிடம் கூறியிருக்கிறார்: “என் பிள்ளைக்குப் போதாத பள்ளியை, ஊரார் பிள்ளைக்கு மட்டும் போதும் என்று எந்த வாயால் சொல்வேன் ஐயா?” அண்ணன் தோட்டத்துப் பள்ளியிலேயே அமர்ந்தார். பின்னர் நானும் அமர்ந்தேன். பள்ளி வேலிக்குள் நாங்கள் அவரை ‘ஐயா’ என்றே அழைக்கவேண்டும்.

இம்மட்டோடு நிறுத்தினால் இது வெறும் புகழுரையாகும். அம்முடிவுக்கு விலையும் இருந்தது. 6ஆம் வகுப்பை முடித்த அண்ணன் 1970ஆம் ஆண்டைப் புகுமுக வகுப்பில் கழித்தார். ஆங்கிலம் விளங்காமல் வகுப்பில் ஊமைபோல் இருந்தார். ஒரு நாள் இரவு, “கிராணி வீட்டுப் பையன் என்னைவிட ஒரு வகுப்பு மேலே படிக்கிறான். உங்கள் கொள்கைக்கு நானா அகப்பட்டேன்?” என்று கேட்டுவிட்டார். தந்தையார் வாய் திறக்கவில்லை. மறுவாரம் முதல், 5ஆம் 6ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலைதோறும் மலாயும் ஆங்கிலமும் கற்பிக்கும் வகுப்பு எங்கள் வீட்டு முன்கூடத்தில் தொடங்கியது. முதல் நாள் தாம் படித்ததை மறுநாள் பிள்ளைகளுக்குக் கற்பிப்பார். பள்ளியைக் குறை கூறுவோருக்கு அவர் அளித்த விடை அதுவே.

அதே முன்கூடம் மற்றொன்றுக்கும் பயன்பட்டது. குடியுரிமை இல்லாதோர் வேலை அனுமதி பெறவேண்டும் என 1968ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தபின், சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த தொழிலாளர் கலங்கினர். பல்லாயிரவர் இந்தியாவுக்கே கப்பலேறினர். பாரம் நிரப்பத் தெரியாதோருக்குத் தந்தையார் நள்ளிரவுவரை எழுதித் தந்ததை இன்றும் நன்றியோடு சொல்லும் குடும்பங்கள் உண்டு.

1987ஆம் ஆண்டில் ஓய்வு பெற்று நகரத்தில் குடியேறினோம். இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதி எழுந்தது. பள்ளி நகரத்துக்கு இடம் மாறியது. 2019ஆம் ஆண்டில் தமிழ் நேசன் நின்றுபோகும்வரை நாள்தோறும் அதனைப் படித்தார். காண வரும் பழைய மாணவரிடம் அவர் முதலில் கேட்பது, “உன் பிள்ளை எந்தப் பள்ளி?” என்பதே. தமிழ்ப்பள்ளி என்றால் மகிழ்வார். வேறு பள்ளி என்றால் கடிந்துரையார். உள்ளே சென்று ஒரு தமிழ்ப் புத்தகத்தை எடுத்துவந்து, “வீட்டில் படித்துக் காட்டப்பா” என்று கொடுப்பார். அண்ணன் தம் மக்கள் இருவரையும் தமிழ்ப்பள்ளிக்கே அனுப்பினார். “எனக்கு வாய்க்காத மாலை வகுப்பு இவர்களுக்கு உண்டே” என்றார். தந்தையார் முகம் அன்று மலர்ந்ததுபோல் வேறென்றும் மலர்ந்ததில்லை.

1957ஆம் ஆண்டில் இந்நாட்டில் 880க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 500க்கு மேற்பட்டவை எஞ்சியுள்ளன. அன்று தோட்டத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு வேறு பள்ளி எட்டாது. இன்று நகரத்துப் பெற்றோர் முன் பல பள்ளிகள் உள்ளன. முதலாம் வகுப்புப் பதிவின்போது அவர்கள் நம்மைப் பார்த்து, “உங்கள் பிள்ளை எங்கே படிக்கிறது, சார்?” என்று கேட்கின்றனர். கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பது பழமொழி. இரு பிள்ளைகளையும் ஒரே பலகையில் அமர்த்தி, அப்பலகை இருவருக்கும் தகுதியுடையதாகும்வரை உழைப்பதே அதன் பொருள் எனத் தம் வாழ்வால் உரை எழுதினார் தந்தையார். அமர்த்துவது பாதி, உழைப்பது மறுபாதி. நாளை தலைமையாசிரியர் நாற்காலியில் அமரவிருக்கும் இளம் ஆசிரியர்கள் இவ்விரு பாதிகளையும் ஒருசேரக் கைக்கொள்வார்களாக.