பின்களத்தில் நிற்கும் பிள்ளைகள்



2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை ஆடவர் இளையோர் உலகக் கோப்பை ஹாக்கிப் போட்டிகள் சென்னையிலும் மதுரையிலும் நடைபெற்றன. 21 வயதுக்கு உட்பட்டோர் ஆடிய அப்போட்டியில் ஜெர்மனி கோப்பையை வென்றது. இந்தியாவுக்கு வெண்கலம் கிடைத்தது. மதுரையில் சுவிட்சர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தை என் அக்காள் மகனுடன் நேரில் கண்டேன். மற்ற ஆட்டங்களை ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டிலிருந்தே பார்த்தோம்.

அவன் ராஜபாளையத்தில் பத்தாம் வகுப்பு படிக்கிறான். பள்ளி அணியில் பின்களத்தில் நிற்பவன். சில மாதங்களாக அவனுக்கு ஒரே எண்ணம், முன்களத்துக்கு மாறிவிட வேண்டும் என்பதுதான். "கோல் போடுறவன் பேரைத்தான் மாமா எழுதிக்கிறாங்க" என்பான். விளையாட்டுச் சான்றிதழ் இருந்தால் கல்லூரியில் இடம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கும் மச்சானுக்கும் அதே கவலை. அவர்களுடைய கணக்கைப் பிழை என்று தள்ளிவிட முடியாது. நமக்கு அருகிலுள்ள கோவில்பட்டி, தமிழக ஹாக்கியின் நாற்றங்கால். அங்கே பயின்று 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடிய மாரீஸ்வரன், கார்த்தி இருவருமே பின்களக்காரர்கள் அல்லர். ஆகவே, ஓர் இளம் தடுப்பாட்டக்காரனின் தகுதியை எதை வைத்து அளப்பது என்ற கேள்வி எங்கள் வீட்டில் வெறும் விளையாட்டுப் பேச்சாக இருக்கவில்லை.

இந்திய அணியில் பின்கள வீரர்கள் அறுவர் இருந்தனர்: தலைவர் ரோஹித், தாலெம் பிரியோபர்தா, அன்மோல் எக்கா, அமீர் அலி, சுனில் பென்னூர், சாரதானந்த் திவாரி. இவர்களுள் அமீர் அலி லக்னோவில் இருசக்கர வாகனம் பழுதுபார்க்கும் ஒரு தொழிலாளியின் மகன். 2024 இளையோர் ஆசியக் கோப்பையை வென்ற அணிக்குத் தலைமை ஏற்றவர். பயிற்சியாளரோ, வாழ்நாளெல்லாம் கோல் காத்து ஓய்வுபெற்ற ஸ்ரீஜேஷ்.

குழுப் பிரிவில் சிலி, ஓமான், சுவிட்சர்லாந்து ஆகிய மூன்று அணிகளுக்கு எதிராக இந்தியா 29 கோல்கள் அடித்தது, ஒன்றுகூட வாங்கவில்லை. ஆனால் அந்தப் பூச்சியத்தைக் கொண்டு பின்களத்தை மதிப்பிட இயலாது. பந்து அவர்கள் பக்கம் வந்ததே குறைவு. பெல்ஜியம், ஜெர்மனி, அர்ஜென்டினாவுக்கு எதிரான அடுத்த மூன்று ஆட்டங்களே உண்மையான தேர்வு. அவற்றில் இந்தியா அடித்த கோல்கள் 7. அவற்றுள் 5 ரோஹித், சாரதானந்த், அன்மோல் என்ற பின்கள வீரர்கள் அடித்தவை. வெண்கலப் போட்டியில் 0-2 எனப் பின்தங்கியிருந்த அணி 4-2 என வென்றபோது, கடைசி இரு கோல்களும் சாரதானந்த், அன்மோல் மட்டையிலிருந்தே வந்தன. மறுநாள் எங்கும் அதுவே பேச்சு.

அதே மூன்று ஆட்டங்களில் இந்தியா வாங்கிய கோல்கள் 9. அரையிறுதியில் ஜெர்மனியிடம் மட்டும் ஐந்து. பெல்ஜியத்துக்கு எதிரான காலிறுதியில் 59ஆவது நிமிடம் வரை 2-1 என முன்னிலை. அப்போது சமன் கோல் விழுந்தது. ஷூட் அவுட்டில் கோல்காவலர் பிரின்ஸ்தீப் கைகொடுத்ததால் அணி பிழைத்தது. பெனால்டி கார்னரை அடிப்பது அரிய திறமை. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. எனினும், அது பின்கள வீரனின் கூடுதல் வருமானம். காவல்தான் அவனுடைய தொழில்.

அந்தத் தொழிலை எப்படி அளப்பது? மதுரையில் பந்தை விட்டுவிட்டு, பின்களத்தையே பார்க்கும்படி மருமகனிடம் சொன்னேன். நல்ல தடுப்பாட்டக்காரன் பாய்ந்து விழுவதில்லை. எதிராளிக்கும் கோலுக்கும் நடுவே தன்னை நிறுத்தி, அவனை மெல்ல மெல்லப் பக்கவாட்டுக் கோட்டை நோக்கி ஒதுக்குகிறான். வட்டத்துக்குள் பந்து தன் காலில் பட்டால் எதிரணிக்குப் பெனால்டி கார்னர் கிடைத்துவிடும் என்பதால் பாதங்களைக் காத்துக்கொள்கிறான். பந்து கிடைத்ததும் கண்ணை மூடி அடிக்காமல், நிமிர்ந்து பார்த்துத் தன் ஆளிடம் சேர்க்கிறான். பக்கத்தில் நிற்பவனை இடைவிடாமல் குரல் கொடுத்து நிறுத்துகிறான். எல்லாவற்றுக்கும் மேலாக, எதிராளி தன்னைக் கடந்துவிட்ட பிறகு என்ன செய்கிறான் என்று பார்க்க வேண்டும். கைவிரித்து நடுவரைப் பார்க்கிறானா, திரும்பி ஓடுகிறானா? 18 வயதில் வேகமும் பலமும் இன்னும் வளரும். அந்தத் திரும்பி ஓடும் குணம் இருக்கிறவனே நாளைக்குத் தேறுவான் என்பது என் கணிப்பு.

இதன் மதிப்பு பெரும்பாலும் ஆள் இல்லாதபோதுதான் தெரிகிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் பின்கள வீரர் அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை பெற்று வெளியேற, இந்தியா 40 நிமிடங்களுக்கும் மேலாகப் பத்துப் பேருடன் போராடிப் பிரிட்டனை ஷூட் அவுட்டில் வென்றது. பெனால்டி கார்னரில் பந்தை எதிர்கொண்டு முதலில் ஓடுபவர் அவர். தடையால் அவர் ஆட முடியாமற்போன அரையிறுதியில் ஜெர்மனி 3-2 என வென்றது.

உஹதுக் குன்றில் நிறுத்தப்பட்ட 50 வில்லாளர்களின் வரலாறு நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். வெற்றி வந்துவிட்டது என்று எண்ணி அவர்களுள் பெரும்பாலோர் இடத்தை விட்டு இறங்கிய வேளையிலேயே போரின் போக்கு மாறியது. காவல் என்பது ஓர் அமானிதம். பார்ப்பவர் கண் எங்கிருந்தாலும் அதை ஒப்படைத்தவனுக்குத் தெரியும்.

ஆயினும் பிள்ளைக்கு உபதேசம் மட்டும் போதாது. தேர்வாளர் கண்ணில் படவும் வேண்டும். ஆகவே இரண்டு வழிகளைச் சொன்னேன். பயிற்சி முடிந்ததும் தினமும் பெனால்டி கார்னர் அடித்துப் பழகு. அது உன் பெயரை எழுத வைக்கும். ஒவ்வோர் ஆட்டத்திலும் நீ கடக்கப்பட்ட தடவைகளையும், திரும்பி ஓடி மீட்ட தடவைகளையும் ஒரு நோட்டில் குறித்து வை. நீ யார் என்பதை அது உனக்குச் சொல்லும். மச்சானிடம், மாவட்டத் தேர்வு முடியும்வரை இடத்தை மாற்றச் சொல்லி யாரிடமும் கேட்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அரை மனத்தோடு சம்மதித்திருக்கிறார்.

நோட்டில் இதுவரை நான்கு ஆட்டங்கள் ஏறியுள்ளன. கடந்த ஆட்டத்தில் ஏழு முறை கடக்கப்பட்டு ஐந்து முறை மீட்டிருக்கிறான். மீதி இரண்டையும், இன்ஷா அல்லாஹ், அவன் கற்றுக்கொள்வான்.