காடிக்கும் காய்ச்சல் வரும்!



பிள்ளையின் உடம்பு சுட்டால் தாய் என்ன செய்கிறாள்? நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறாள். மழையில் நனைந்ததா, கண்டதைத் தின்றதா, தொண்டையில் புண்ணா என்று யோசிக்கிறாள். அதன் பிறகுதான் மருந்தைத் தேடுகிறாள். ஆனால் வாசலில் நிற்கும் காடி சுட்டால் மட்டும் நாம் யோசிப்பதே இல்லை. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுகிறோம். அல்லது ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு, கேட்ட பணத்தைக் கொடுக்கிறோம். காய்ச்சல் நோயன்று, நோயின் அடையாளம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இஞ்சின் சூடும் அப்படித்தான்.

நான் தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் லோரிகளோடும் டிராக்டர்களோடும் பல ஆண்டுகள் காலம் தள்ளியவன். அந்நாளில் எங்கள் தோட்டத்தில் காடி என்றால் துரைக்கும் பெரிய கிராணிக்கும்தான். கித்தாக் காடுகள் செம்பனையாகி, தோட்டங்கள் கைமாறி, நம் மக்கள் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்த பிறகு நிலைமை மாறியது. 1985-இல் புரோட்டோன் சாகா வந்தது. 1994-இல் பெரோடுவா கன்சில் வந்தது. அவை பழசாகி விலை இறங்கியபோது நம் வீட்டு வாசலுக்கும் வந்து நின்றன. இன்று நமக்குக் காடி ஆடம்பரம் அன்று. வேலைக்கும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிற கால் அதுதான். அந்தக் கால் முடங்காமல் இருக்க வேண்டுமானால் அதைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

இஞ்சினுக்குள் பெட்ரோல் எரிகிறது. அந்தச் சூட்டில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டுகிறது. மீதி வெளியே போயாக வேண்டும். புகைக்குழாய் வழியே போவது போக, மற்றதைத் தண்ணீர்தான் சுமந்து செல்கிறது. வாட்டர் பம்ப் அந்தத் தண்ணீரைச் சுழல விடுகிறது. தெர்மோஸ்டாட் என்னும் சிறு கதவு, இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியிருந்து, 80 டிகிரிக்கு மேல் சூடேறியதும் திறந்துகொள்கிறது. சூடான தண்ணீர் ரேடியேட்டருக்கு வந்து காற்றில் ஆறி, மீண்டும் இஞ்சினுக்குப் போகிறது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே போதும். வண்டி நின்றால் காற்று ஏது? அப்போதுதான் காற்றாடி வேண்டும்.

பழைய லோரிகளில் காற்றாடி பெல்ட்டில் சுழலும். இஞ்சின் ஓடினால் அதுவும் ஓடும். சாகா, கன்சில் போன்ற காடிகளில் இஞ்சின் குறுக்குவாட்டில் இருப்பதால், காற்றாடிக்குத் தனியாக மின்சார மோட்டார் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் ஏறத்தாழ 95 டிகிரியைத் தாண்டும்போது அது தானே சுழலும். ஆறியதும் தானே நிற்கும்.

இனி, முக்கியமான கேள்விக்கு வருகிறேன். காடி சுடுகிறது என்றால், எங்கே சுடுகிறது, எப்போது சுடுகிறது?

பெருநாள் நெரிசலில், சிக்னலில், பத்துமலைக்குப் போகும் தைப்பூசக் கூட்டத்தில் ஊர்ந்து போகும்போது முள் ஏறி, வேகமாக ஓடத் தொடங்கியதும் இறங்கினால், முதலில் காற்றாடியைச் சந்தேகியுங்கள். அதற்கு மாறாக, நெடுஞ்சாலையில் விரட்டும்போதும், தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும்போதும் சுட்டால் காற்றாடியைக் குறை சொல்லாதீர்கள். ரேடியேட்டர் அடைத்திருக்கலாம், தண்ணீர் குறைந்திருக்கலாம், தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்காமல் இருக்கலாம், பம்ப் தேய்ந்திருக்கலாம். இந்த ஒரு கேள்வியே பாதிச் சிகிச்சை.

இதை எழுதத் தூண்டிய சம்பவம் என் சொந்தத் தங்கை வீட்டில் நடந்தது. அவள் கணவருக்குச் சிறுநீரகம் பழுது. வாரத்தில் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போயாக வேண்டும். ஒரு நாள் தவறினாலும் கால் வீங்கும், மூச்சு வாங்கும். மகன்தான் பழைய காடியில் கொண்டுபோய் விடுகிறான். அந்தக் காடி பட்டணத்து நெரிசலில் சுடத் தொடங்கியது. ஓர் ஒர்க்‌ஷாப்பில் காட்டினார்கள். ரேடியேட்டரை மாற்றினார்கள். சூடு தீரவில்லை. பிறகு பம்ப், அடுத்த மாதம் தெர்மோஸ்டாட். 800 வெள்ளிக்கு மேல் கரைந்தது. முள் மட்டும் இறங்கவில்லை. கையில் இருந்த சீட்டுப் பணமும் போயிற்று என்று தங்கை கண்ணைக் கசக்கினாள்.

நான் போய் மருமகனைக் கேட்டேன். "தம்பி, ஏர்கோன் போட்டால் சூடு கூடுதா, குறையுதா?"

"அதுதான் மாமா அதிசயம்! ஏர்கோனை அடைக்கச் சொன்னாங்க. அடைச்சா சூடு ஏறுது; போட்டா இறங்குது" என்றான்.

வாசகர்களே, இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஏர்கோன் போட்டால் இஞ்சினுக்குப் பாரம் கூடும். சூடும் கூட வேண்டும். குறைகிறதென்றால் என்ன பொருள்? அந்தக் காடியில் இரண்டு காற்றாடிகள். ஏர்கோன் காற்றாடி சுழலும்போது ரேடியேட்டர் வழியாகவும் காற்று வருகிறது. ரேடியேட்டருக்கு உரிய காற்றாடிதான் தூங்குகிறது!

ஏர்கோனை அடைத்து, இஞ்சினை நின்றபடியே ஓடவிட்டோம். முள் பாதியைத் தாண்டியது. காற்றாடி அசையவில்லை. ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தேன், நன்றாக இருந்தது. காற்றாடியின் பிளக்கைக் கழற்றி, பேட்டரியிலிருந்து நேரே கம்பி கொடுத்தேன். 'விர்'ரென்று சுழன்றது. ஆக, மோட்டாரிலும் குறையில்லை. மீதி இருந்தது ரிலே. ஃபியூஸ் பெட்டியில் ஹாரனுக்கும் அதே வகை ரிலே இருந்தது. இரண்டையும் இடம் மாற்றிப் போட்டதும் காற்றாடி கிளம்பியது, ஹாரன் ஊமையானது. புது ரிலே 15 வெள்ளி. அன்றிலிருந்து என் மைத்துனர் நேரத்துக்குச் சிகிச்சைக்குப் போய் வருகிறார்.

ரிலேவும் நன்றாக இருந்தால், அடுத்தது சூட்டை உணர்ந்து காற்றாடியை முடுக்கும் சுவிட்ச். இரண்டு கம்பி உள்ள பழைய சுவிட்சுகளில் பிளக்கைக் கழற்றி, இரு கம்பிகளையும் இணைத்துப் பாருங்கள். காற்றாடி சுழன்றால் சுவிட்ச்தான் குற்றவாளி. புதிய காடிகளில் இந்த வேலையைக் கணினி செய்கிறது; அங்கே கை வைக்காமல் தெரிந்தவரிடம் விடுவதே நல்லது. இன்னொன்று: மோட்டாரை மாற்றும்போது கம்பிகள் இடம் மாறினால் காற்றாடி தலைகீழாகச் சுழலும். ரேடியேட்டருக்குப் பின்னால் காற்றாடி உள்ள காடியில், அது சுழலும்போது முன்பக்கம் ஒரு தாளைப் பிடியுங்கள். தாள் உள்ளே இழுபட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். வெளியே தள்ளினால் கம்பி மாறியிருக்கிறது.

கசிவு தெரியாமலே தண்ணீர் குறைகிறதா? எண்ணெய் மூடியின் அடியில் பால் கலந்த கோப்பி நிறத்தில் பசை தெரிகிறதா? சூடான இஞ்சினிலும் புகைக்குழாயில் வெள்ளைப் புகை விடாமல் வருகிறதா? அப்படியானால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அதற்கு மேல் ஓட்ட வேண்டாம்.

முள் சிவப்பைத் தொட்டால், "இன்னும் இரண்டு கட்டைதானே, வீட்டுக்குப் போய்விடலாம்" என்று எண்ணாதீர்கள். அந்த இரண்டு கட்டையில் அலுமினிய ஹெட் வளைந்துபோகும்; பழுதுபார்க்கும் செலவு சில சமயம் காடியின் விலையையே எட்டும். ஓரமாக நிறுத்தி இஞ்சினை அடையுங்கள். ரேடியேட்டர் மூடியை உடனே திறக்காதீர்கள். சாதாரணமாகத் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். மூடி அழுத்தம் கொடுப்பதால் உள்ளே 120 டிகிரி வரை கொதிக்காமல் அடங்கிக் கிடக்கும். மூடியைத் திறந்த கணமே ஆவியாகப் பீறிட்டு முகத்தில் அடிக்கும். தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் ஓர் இளைஞனின் கழுத்தும் மார்பும் வெந்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். குறைந்தது அரை மணி நேரம் ஆறவிட்டு, கனத்த துணி போட்டு, மெல்லத் திருப்புங்கள். சுடும் இஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் இரும்பு வெடிக்கக்கூடும். இஞ்சின் அடைத்த பிறகும் மின்சாரக் காற்றாடி திடீரென்று சுழலக்கூடும். விரலை அருகே கொண்டுபோகாதீர்கள்.

வருமுன் காப்பதற்குச் செலவு குறைவு. வாரம் ஒருமுறை, காலையில் இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தண்ணீர் அளவைப் பாருங்கள். செம்மண் சாலையில் ஓடும் காடியின் ரேடியேட்டரில் தூசியும் லாலான் பூவும் அடைத்துக்கொள்ளும். மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். நம் நாட்டில் பனி இல்லையே, கூலண்ட் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அது துருவைத் தடுக்கிறது, கொதிநிலையையும் உயர்த்துகிறது. கிணற்று நீரும் ஆற்று நீரும் உள்ளே துருவையும் உப்பையும் படிய வைக்கும். ஆனால் தாய்மார்களே, எத்திலின் கிளைக்கோல் கலந்த கூலண்ட் இனிப்பாக இருக்கும், அது நஞ்சு. பழைய சர்பத் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளைகளும் வளர்ப்பு நாயும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

எல்லா மெக்கானிக்கும் ஏமாற்றுபவர் என்று நான் சொல்லவில்லை. கையில் கிரீஸோடு நேர்மையாக உழைப்பவர்கள் எத்தனையோ பேர். ஆனால் நோயாளி வாய் திறந்து சொன்னால்தான் வைத்தியருக்கும் நோய் புரியும். "எங்கே சுடுகிறது, எப்போது சுடுகிறது, காற்றாடி சுழல்கிறதா" என்ற மூன்றையும் பார்த்துவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். கழற்றிய பழைய சாமானைக் காட்டச் சொல்லுங்கள். இதையெல்லாம் மகனுக்கு மட்டுமன்றி மகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். இரவு வேலை முடிந்து தனியே காடி ஓட்டி வரும் பெண்ணுக்கு இந்த அறிவு ஒரு நல்ல துணை.

உழைத்துச் சேர்த்த பணம் வீணாகாமலிருக்கட்டும். வீட்டை விட்டுப் புறப்பட்டவர்கள் பத்திரமாக வீடு வந்து சேரட்டும்.