கோயில் கம்ப்யூட்டர்ல பைத்தான் போட்ட கதை

 

போன நவராத்திரி ஐந்தாம் நாள் உபயத்துல ஒரு குடும்பத்தோட பேர் சங்கல்பத்துல விட்டுப்போனது உங்கள்ல பல பேருக்குத் தெரியும். இது தோட்டத்துக் கோயிலா இருந்த காலத்துலேர்ந்து அந்த நாளைச் செய்யுற குடும்பம். அந்தப் பாட்டி சண்டை போடல. பிரசாதத்தை வாங்கிக்கிட்டு, "என் வீட்டுக்காரர் பேரு இனிமே வராதாப்பா?"ன்னு மட்டும் கேட்டாங்க. சண்டை போட்டிருந்தாக்கூடத் தேவலைன்னு இருந்துச்சு எங்களுக்கு.

யார் மேலயும் குத்தம் சொல்ல இதை எழுதல. முன்ன ஒரு ஐயா தடிச்ச நோட்டுல எல்லாத்தையும் எழுதி வச்சிருந்தாரு. பேரு, நட்சத்திரம், எந்த நாள் உபயம், எல்லாம் அவர் மனசுலயே இருக்கும். அவர் காலமான பிறகு 2017லேர்ந்து வருஷத்துக்கு ஒரு தொண்டர் எக்செல்ல அடிச்சு வச்சாங்க. ஏழு வருஷம், ஏழு ஃபைல், ஏழு விதம். ஒருத்தர் தமிழ்ல அடிச்சிருக்காரு, ஒருத்தர் ஐசில இருக்கிற மாதிரி இங்கிலீஷ்ல. நம்ம ஊர்ல லெட்சுமின்னு ஒரு பேரை ஐசில எத்தனை விதமா எழுதுறாங்கன்னு உங்களுக்கே தெரியும். பேரை வச்சுச் சேர்க்கவே முடியாது. ஏழு ஃபைல்லயும் பொதுவா இருந்தது போன் நம்பர் ஒண்ணுதான்.

அதுலயும் ஒரு வில்லங்கம். எக்செல்ல போன் நம்பரைச் சும்மா அடிச்சா அதைக் கணக்குன்னு நினைச்சு முன்னால இருக்கிற பூஜ்ஜியத்தை எடுத்துடும். 012ன்னு அடிச்சது 12 ஆகி நிக்கும். சில பேர் நடுவுல கோடு போட்டிருக்காங்க, சில பேர் +60 போட்டிருக்காங்க. மொத்தம் 1,100 வரிக்கு மேல. கண்ணால பார்த்துச் சேர்க்க மூணு சனிக்கிழமை உக்காந்தோம், பாதி கூட முடியல.

ஒரு கம்பெனி சாப்ட்வேர் செஞ்சு தர்றேன்னு விலை சொன்னாங்க. திருப்பணிக்கு வச்ச பணத்தை இதுக்கு எடுக்க யாருக்கும் மனசு வரல. இன்னொருத்தர், இன்டர்நெட்ல ஃபைலை ஏத்தினா அதுவே சேர்த்துக் கொடுக்கும்னாரு. அதுக்கு நாங்க ஒத்துக்கல. உங்க வீட்டு நம்பரும் பிள்ளைங்க நட்சத்திரமும் யாரோட கம்ப்யூட்டருக்கோ போறது சரியில்ல. எதைச் செஞ்சாலும் கோயில் ஆபிஸ் கம்ப்யூட்டருக்குள்ளயே செய்யணும்னு முடிவு பண்ணினோம்.

அப்பதான் வெள்ளிக்கிழமை பூவெடுக்க வர்ற நம்ம யூனிவர்சிட்டி தம்பி, "அங்கிள், பைத்தான் போடலாம், சும்மாவே கிடைக்கும்"னான். கூட்டத்துல ஒரே சிரிப்பு. மலைப்பாம்பான்னு கேட்டாங்க. பாம்புக்கும் அதுக்கும் சம்பந்தமில்லையாம். குய்டோ வான் ரோசம்னு ஒரு நெதர்லாந்துக்காரர் 1991ல வெளியிட்ட கணினி மொழி. மான்டி பைத்தான்னு ஒரு பிரிட்டிஷ் டிவி காமெடி அவருக்குப் பிடிக்கும்னு அந்தப் பேரை வச்சாரு. காசு கிடையாது, உள்ள எப்படி எழுதியிருக்குன்னு யார் வேணும்னாலும் பார்க்கலாம். மடப்பள்ளி சமையல் குறிப்பைச் சுவத்துல ஒட்டி வச்ச மாதிரி. பொருளாளர் அண்ணன் மட்டும் "வைரஸ் இல்லன்னு எப்படிய்யா நம்புறது?"ன்னாரு. நியாயமான கேள்வி. அதனால கண்ட இடத்துலயும் எடுக்காம, பைத்தானோட சொந்தத் தளமான பைத்தான் டாட் ஆர்க்லேர்ந்துதான் இறக்கினோம்.

மற்ற கோயில் தொண்டர்கள் கேட்டதால போட்ட விதத்தைக் கொஞ்சம் விவரமா சொல்றோம். எங்கள்ல பாதிப் பேர் ஃபேக்டரி ஆளுங்க, எஸ்பிஎம் வரைக்கும்தான் படிப்பு. எங்களுக்கே முடிஞ்சுது.

நம்மளது விண்டோஸ் 10, 64 பிட். முதல்ல அதைப் பார்த்துக்குங்க. பழைய விண்டோஸ் 7 வச்சிருந்தா பைத்தான் 3.8க்கு மேல போடவே முடியாது. நாங்க போட்டது 3.12. இறக்கின ஃபைலைத் திறந்ததும் பெருசா "இன்ஸ்டால் நவ்"னு வரும், கை தானா அங்கதான் போகும். ஃபேக்டரியில புது மெஷின் வந்தா சுவிட்சைத் தட்டுறதுக்கு முன்ன நாலு பக்கமும் சுத்திப் பாருன்னு பசங்ககிட்ட சொல்வோம். இங்கயும் அதேதான். கீழ ஓரத்துல சின்னதா ரெண்டு கட்டம் இருக்கும். "ஆட் பைத்தான் டாட் இஎக்ஸ்இ டு பாத்"ங்கிற கட்டம் டிக் இல்லாம காலியாத்தான் வரும், நம்மதான் டிக் பண்ணணும். பாத்னா, ஒரு பேரைக் கூப்பிட்டா எந்தெந்த அறையில தேடணும்னு விண்டோஸ் வச்சிருக்கிற பட்டியல். அதுல பைத்தான் இருக்கிற இடம் இல்லன்னா, ஆள் வீட்டுக்குள்ளயே இருந்தும் கூப்பிட்டா காது கேக்காது.

அடுத்தது, "இன்ஸ்டால் நவ்" அழுத்தினா யார் லாகின்ல இருக்காங்களோ அவங்களுக்கு மட்டும்தான் போடும். நம்ம ஆபிஸ்ல பகல்ல ஒரு லாகின், சாயந்திரத் தொண்டர்களுக்கு ஒரு லாகின். அதனால "கஸ்டமைஸ்" வழியா போய் எல்லா யூசருக்கும்னு தேர்ந்தெடுத்தோம். அதுக்கு அட்மின் பாஸ்வேர்ட் வேணும். அது பொருளாளர் அண்ணன்கிட்ட. அவர் பசியாறிட்டு வர்ற வரைக்கும் காத்திருந்தோம்.

போட்டு முடிஞ்சதும் கறுப்பு விண்டோவைத் திறந்து பைத்தான்னு அடிச்சு, இடம் விட்டு, ரெண்டு கோடு, வெர்ஷன்னு அடிச்சா நம்பர் வரணும். சில கம்ப்யூட்டர்ல பைத்தான்னு அடிச்சா மைக்ரோசாப்ட் ஸ்டோர் திறந்துக்கும். பயப்பட வேணாம். விண்டோஸ் செட்டிங்ஸ்ல "ஆப் எக்ஸிக்யூஷன் அலையஸ்"னு ஒரு இடம் இருக்கு, அங்க பைத்தான் பேர் போட்ட சுவிட்சுகளை அணைச்சிட்டாப் போதும்.

தம்பி எழுதின புரோகிராம் முப்பது வரிதான். ஆனா தமிழ் ஃபைலைத் திறந்ததும் படிக்க முடியலன்னு நின்னுடுச்சு. காரணம் கேட்டா ஆச்சரியமா இருக்கும். நம்ம விண்டோஸ்ல பைத்தான் தானா எடுத்துக்கிறது ஐரோப்பிய எழுத்துக்கான பழைய அட்டவணை. நாம மெய்யெழுத்து மேல வைக்கிற புள்ளி இருக்கே, அது யூடிஎஃப்-8ல மூணு எண்ணா சேமிக்கப்படுது. அதுல கடைசி எண்ணுக்கு அந்த அட்டவணையில இடமே இல்ல. ஒரு புள்ளிதான் மொத்தத்தையும் நிறுத்தியிருக்கு! ஃபைலைத் திறக்கிற வரியில யூடிஎஃப்-8னு எழுதிக் கொடுத்ததும் அம்மன் பேர் முதற்கொண்டு ஒழுங்கா வந்துச்சு.

அப்புறம் எல்லா நம்பர்லயும் கோடு, இடைவெளி, முன்னால உள்ள 60, பூஜ்ஜியம் எல்லாத்தையும் களைஞ்சுட்டு ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டுச்சு. முன்ன இருந்து கடைசி வருஷப் பட்டியல்ல காணாமப்போன நம்பர் 19. ஒரு நிமிஷம் கூட ஆகல.

ஆனா அதோட கம்ப்யூட்டர் வேலை முடிஞ்சுது. மிச்சம் நம்ம வேலை. 19 பேருக்கும் போன் போட்டோம். 9 பேர் வேற ஊர் போயிட்டாங்க, இல்லன்னா அவங்களே நிறுத்திக்கிட்டாங்க. 4 குடும்பம், "எங்களை மறந்துட்டீங்கன்னு நினைச்சோம்"னாங்க. அதைக் கேக்க ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. 6 நம்பர் சேவையில இல்ல. அந்த ஆறுல ஒண்ணு அந்தப் பாட்டியோட வீட்டுக்காரர் நம்பர். அவர் போனதும் லைனை வெட்டிட்டாங்க. மகள் நம்பரைக் கொடுத்தது வேற பேர்ல, வேற வரியில பதிவாகி, அர்ச்சனைப் பட்டியல்ல கிடந்துச்சு. இதை எந்தப் புரோகிராமும் சொல்லல. தாமான்ல வீடு வீடா கேட்டுப் போய், பாட்டியே சொல்லித்தான் தெரிஞ்சுது. கோப்பி கலக்கிக் கொடுத்தாங்க. தாத்தா நட்சத்திரம் உத்திரட்டாதின்னு ரெண்டு தடவை சொல்லி, எழுதினதைக் காட்டச் சொல்லிப் பார்த்துக்கிட்டாங்க.

இந்த வருஷப் பட்டியல் ஆபிஸ் வெளிய போர்டுல ஒட்டியிருக்கு. உபயகாரர்கள் தயவுசெஞ்சு பேரு, நட்சத்திரம், நாள் மூணையும் பார்த்துட்டுப் போங்க. நம்பர் மாத்தியிருந்தா சாயந்திரம் ஏழு மணிக்கு மேல தொண்டர்கள் இருப்போம், சொல்லுங்க. வீட்டுல யாராவது தவறியிருந்தா அவங்க பேர்ல உபயம் தொடரணுமான்னும் சொல்லிடுங்க. சேவையில இல்லாத மிச்ச 5 நம்பர் வீட்டைத் தெரிஞ்சவங்க ஆபிஸ்ல கேளுங்க, பேரைச் சொல்றோம். மற்ற கோயில் தொண்டர்களுக்கு அந்த முப்பது வரி வேணும்னா பென்டிரைவ் எடுத்துட்டு வாங்க, தர்றோம். பட்டியல் மட்டும் தரமாட்டோம்.