சியோல் மருந்துச் சந்தையில் ஒரு காலை

சியோல் நகரில் ஜேகி-டோங் நிலையத்தில் சுரங்க ரயிலை விட்டுப் படியேறும்போதே, நம் ஊர் நாட்டு மருந்துக் கடை வாசனை! சாக்குச் சாக்காக ஜின்ஸெங் வேர், பட்டை, காய்ந்த இலந்தை. மான் கொம்பு. கட்டுக் கட்டாக உலர்ந்த பூரான்கூட! (முகத்தைத் திருப்பிக் கொண்டேன்.)

நான் வேடிக்கை பார்க்கப் போகவில்லை. கணவரின் வேலை நிமித்தம் இங்கே வந்த இடத்தில் இரண்டாவது பிரசவம். குழந்தைக்கு ஒன்பது மாதம். என் எடை 74 கிலோ. பக்கத்து வீட்டுக் கொரியப் பெண்மணி, 'ஒன்னி' என்றுதான் கூப்பிடுவேன், நம் அக்கா மாதிரி, மூன்றே மாதத்தில் எட்டு கிலோ இளைத்தவர். "எல்லாம் கஷாயம்தான்" என்றார். விடுவேனா!

வைத்தியரும் பெண்தான். இங்கே ஆறு வருஷம் கல்லூரியில் படித்துத் தேறினால்தான் இந்த வைத்தியம் செய்யலாம். இரண்டு கையிலும் நாடி பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். தூக்கம், ஜீரணம், மாதவிலக்கு எல்லாம் விசாரித்தார். கடைசியில், "குழந்தை தாய்ப்பால் குடிக்கிறதா?" என்றார்.

"ஆமாம்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

இழுப்பறையைத் திறந்து, துடைப்பக் குச்சி மாதிரி காய்ந்த தண்டு ஒன்றைக் காட்டினார். பெயர் மாஹ்வாங். இளைக்கக் கொடுக்கும் கஷாயங்களில் பெரும்பாலும் இதுதான் முக்கியச் சரக்காம். இதிலுள்ள எஃபெட்ரின் பசியை அடக்கும். கூடவே நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும், தூக்கம் போகும். பால் வழியாகக் குழந்தைக்கும் போய்ச் சேரும். சத்து மாத்திரைகளில் இதைச் சேர்க்க அமெரிக்காவில் 2004-ல் தடையே போட்டார்கள்.

"பால் மறந்த பிறகு வாங்க. அப்பவும் ரத்த அழுத்தம் பார்த்துத்தான் தருவேன்" என்றார், ஒன்னியின் மொழிபெயர்ப்பில்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ரயிலில் ஒன்னியைக் கேட்டேன்: "உங்களுக்குத் தூக்கம் வந்துதா?"

"எங்கே? ராத்திரி ரெண்டு மணிக்கு அலமாரி துடைச்சுக்கிட்டு இருப்பேன்" என்று சிரித்தார். மருந்தை நிறுத்திய பிறகு ஐந்து கிலோ திரும்பி வந்துவிட்டதாம். இதை முதலிலேயே சொல்லக் கூடாதோ!

சந்தையில் நான் வாங்கியது அரைக் கிலோ வறுத்த பார்லி மட்டும். கொரிய வீடுகளில் இதைக் கொதிக்க வைத்து, சர்க்கரை போடாமல், தண்ணீருக்குப் பதிலாகக் குடிக்கிறார்கள். இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட என் மூன்று வேளை காப்பிக்குப் பதில் குடித்துப் பார்க்கலாமென்று எண்ணம்.

வீட்டுக் கதவைத் திறந்ததும், அப்பா தோளில் இருந்த குழந்தை என்னிடம் தாவியது. பசி.