சாவிக்கொத்து

புளியந்தோப்பில் எங்கள் தெருவில் பிள்ளைக்கு வலிப்பு வந்தால் முதலில் ஓடி வருவது சாவிக்கொத்து. நானும் அப்படி ஓடியவள்தான். பக்கத்து வீட்டு ஏழு வயதுப் பெண் குழாயடியில் விழுந்து துடித்தபோது, அவள் விரல்களைப் பிரித்து இரும்பைத் திணித்தேன். அப்போது நான் டீச்சர் வேறு. வலிப்பு நின்றது, பெயர் சாவிக்குப் போனது. பெரும்பாலும் வலிப்பு ஓரிரு நிமிடத்தில் தானாகவே அடங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் வைக்கக் கூடாது, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

ஸ்டான்லி ஆஸ்பத்திரி தூரமில்லை. எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியும் கிட்டத்தான். இரண்டிலும் மாத்திரைக்குக் காசில்லை. ஆனாலும் அந்தப் பிள்ளைக்கு இரண்டு வருஷம் ஒழுங்காக மருந்து போகவில்லை. முதலில் மந்திரித்த கயிறு. அப்புறம் அவள் அம்மாவின் வீட்டுவேலை: மாத்திரை வாங்க வரிசையில் நின்றால் அன்றைய கூலி போகும். ஒருவழியாக ஆரம்பித்து, மூன்று மாதம் வலிப்பே வரவில்லை. “அதான் நின்னுடுச்சே டீச்சர், சின்னப் புள்ளைக்கு இன்னாத்துக்கு சும்மா சும்மா மாத்திரை?” என்று அம்மா நிறுத்திவிட்டாள். வலிப்பு திரும்பி வந்தது, முன்பைவிடக் கடுமையாக. அவளை நான் குறை சொல்ல மாட்டேன். காய்ச்சல் விட்டால் மாத்திரையை விடுவதுதான் நமக்குப் பழக்கம். வலிப்பு மருந்தை அப்படி விட முடியாது. ஒருமுறைகூட வராமல் இரண்டு வருஷமாவது கழிந்த பிறகே டாக்டர் மெல்ல மெல்லக் குறைப்பார். இதை அந்தத் தாய்க்கு உட்கார வைத்துச் சொல்ல ஒருவருக்கும் நேரமில்லை. எனக்கும்கூட.

உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் உண்டு. நூற்றுக்கு எண்பது பேர் நம்மைப் போன்ற நாடுகளில் இருக்கிறார்கள். சரியான மருந்து கிடைத்தால் நூற்றுக்கு எழுபது பேர் வரை வலிப்பில்லாமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பினோபார்பிட்டோன் என்ற வலிப்பு மருந்து 1912 முதல் இருக்கிறது, மலிவானது. போதைமருந்துக் கட்டுப்பாடுகளால் பல நாடுகளில் அதுவும் எளிதில் கிடைப்பதில்லை.

நம் இந்து திருமணச் சட்டமே 1999 வரை வலிப்பையும் பைத்தியத்தையும் ஒரே வரியில் வைத்திருந்தது. சட்டத்தில் வலிப்பை அடித்துவிட்டார்கள். தெருவில் அடிக்கவில்லை.

அந்தப் பெண் இப்போது வேலைக்குப் போகிறாள். மாத்திரை அட்டை இன்னமும் அரிசி டப்பாவுக்குள்தான் ஒளிந்திருக்கிறது. போன வாரம் பெண் பார்க்க வந்தவர்கள் ராத்திரி பத்து வரை பேசிக்கொண்டிருந்தார்கள். எட்டு மணி மாத்திரை டப்பாவுக்குள்ளேயே கிடந்தது.