கணக்கெடுக்க வந்த பிள்ளைகள்

நான் திருச்சியில் நர்சிங் படித்த காலத்தில் பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்துக்குள்தான் இருந்தன. 1995-ல் பெரம்பலூர் பிரிந்தது, 2007-ல் அரியலூர் தனி மாவட்டமாக நிலைத்தது. 2022 ஜனவரியில் அரியலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. பெரம்பலூரில் காலையில் பஸ் ஏறினால் பாதி சீட்டில் நர்சிங் பிள்ளைகள்தான். எங்கள் காலத்தில் நர்ஸ் மாணவி என்றால் சீனியர் சொன்னதைச் செய்ய வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. இப்போதைய பிள்ளைகள் கேட்கிறார்கள். அதை நேரில் பார்க்க ஒரு சந்தர்ப்பம் வந்தது. வந்த காரணம்தான் நல்லதில்லை.

பெரிய அண்ணனுக்குப் பக்கவாதம். செந்துறைப் பக்கத்திலிருந்து தூக்கிக்கொண்டு வந்து பெரம்பலூர் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வலது கை, கால் விழுந்துவிட்டது. சர்க்கரை வேறு. முந்திரிக்கொட்டை பொறுக்குகிற நேரம் என்பதால் அண்ணியும் அவர் மருமகளும் பகலில் மாறி மாறி இருந்தார்கள். ராத்திரி என் பங்கு.

மூன்றாம் நாள் காலையில் இரண்டு பெண்கள் வந்து, "ஐயாவோட முதுகைக் கொஞ்சம் பார்த்துக்கலாமாம்மா?" என்றார்கள். டார்ச் அடித்து, முதுகெலும்பின் அடியிலும் குதிகாலிலும் விரலால் அழுத்திப் பார்த்தார்கள். அழுத்தி எடுத்தபின் சிவப்பு மறைந்தால் கவலையில்லை. மறையாமல் நின்றால் அதுதான் படுக்கைப் புண்ணின் முதல் படி, தோல் கிழியாவிட்டாலும். அண்ணனுடைய வலது குதிகாலில் சிவப்பு மறையவில்லை. அவருக்கோ அந்தக் காலில் உணர்ச்சியே இல்லை. ஒரு பெண் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்து, குதிகால் மெத்தையில் படாமல் தூக்கி வைத்தாள். இன்னொருத்தி நோட்டில் ஒரு கோடு போட்டாள்.

எங்கள் காலத்துப் பாடத்தில் இதற்கு ஸ்பிரிட் தடவி, பவுடர் போட்டுத் தேய்க்க வேண்டும். அடியில் ரப்பர் வளையம் வைக்க வேண்டும். சிவந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது, வளையமும் வேண்டாம் என்பது இன்றைய பாடம். அந்தப் பெண் இதைப் பணிவாகச் சொன்னாள். நானும் நர்ஸ்தான் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

பி.எஸ்சி. நர்சிங் புதிய பாடத்திட்டத்தில் கடைசி செமஸ்டரில் 22 வாரம் முழுநேரமாக வார்டிலேயே வேலை பார்க்க வேண்டும். அந்த நாட்களில் இந்தக் குழு எடுத்துக்கொண்ட வேலை ஒரு தர மேம்பாட்டு ப்ராஜெக்ட். பெயர்தான் பெரிது. வார்டில் ஒரு குறையை மட்டும் எடுத்துக்கொள்வது, எண்ணுவது, ஏன் என்று தேடுவது, சின்ன மாற்றம் ஒன்றைச் செய்து மறுபடி எண்ணுவது. உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்கு ஆசிய அலுவலகம் இதை நான்கு படிகளாக்கிப் புத்தகமே போட்டிருக்கிறது. விளக்கேந்திய சீமாட்டி என்று நாம் படித்த நைட்டிங்கேல் அம்மையாரும் கணக்குப்புலிதான். கிரிமியப் போரில் காயத்தைவிட நோயால் செத்த சிப்பாய்களே அதிகம் என்பதை 1858-ல் வட்டப் படமாக வரைந்து காட்டியவர் அவர். பாடப்புத்தகம் நமக்கு விளக்கை மட்டும் காட்டியது.

இரண்டு மணிக்கொரு தரம் நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்பது அந்த வார்டில் எல்லோருக்கும் தெரியும். பிறகு ஏன் நடக்கவில்லை? பிள்ளைகள் மீன் முள் மாதிரி ஒரு படம் வரைந்து, ஒவ்வொரு முள்ளிலும் ஒரு காரணம் எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். பக்கத்துக் கட்டில் பெரியவர், "இது கெண்டையா, விராலாம்மா?" என்று கேட்டார். ராத்திரியில் இத்தனை கட்டிலுக்கு ஒரே சிஸ்டர் என்பது ஒரு முள். கூட இருப்பவர்களுக்குத் தொடவே பயம், நாம புரட்டி ஏதாவது ஆகிவிட்டால் என்று. இது இன்னொரு முள். திருப்பிய நேரம் எழுதும் தாள் நர்ஸ் மேஜையில் இருந்தது. டூட்டி முடியும்போது ஒரே பேனாவில், ஒரே மூச்சில் நிரப்பப்பட்டிருந்தது. இதைப் படிக்கும் பழைய சிஸ்டர்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும்.

முதலில் ஒரே ஒரு கட்டில். தாளைக் கட்டிலின் கால்மாட்டில் தொங்கவிட்டு, மணி போட்டு எழுதினார்கள். அண்ணிக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது, அது பலிக்கவில்லை. அடுத்த நாள் மணியை அடித்துவிட்டு, காபி வந்தால் வாசல் பக்கம், டாக்டர் ரவுண்ட்ஸ் முடிந்தால் மல்லாக்க, சாப்பாடு வந்தால் சன்னல் பக்கம் என்று படம் போட்டார்கள். அண்ணி கப்பென்று பிடித்துக்கொண்டார். எப்படிப் புரட்டுவது என்று பிள்ளைகள் அவருக்குக் கைபிடித்துக் காட்டினார்கள். ராத்திரிக்கு செல்போன் அலாரம் வைத்தார்கள். பக்கத்துக் கட்டில்காரர் சண்டைக்கு வந்தார். கடைசியில் சுற்றி வரும் வாட்ச்மேனிடம் சொல்லி வைத்தார்கள். அவர் டார்ச்சோடு வந்து, "திருப்பியாச்சாம்மா?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டுப் போவார். அந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. பைசா செலவில்லை. பிறகு நாலு கட்டில், அப்புறம் வார்டு முழுக்க.

முதல் வாரம் கணக்கு கூடிவிட்டது. "நீங்க வந்த பிறகுதான் புண்ணே வருது" என்று ஒரு ஸ்டாஃப் எரிந்து விழுந்தார். முன்பு யாரும் அழுத்திப் பார்க்காததால் சிவப்பெல்லாம் கணக்கில் வரவில்லை, அவ்வளவுதான். தாதிப் பிள்ளை ஒருத்திக்கு அன்று கண் கலங்கிவிட்டது. நான் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, நோட்டை மட்டும் மூடிவிடாதே என்று சொன்னேன். 2013-ல் தேசியத் தர உறுதிச் சான்று, 2015-ல் காயகல்ப் என்று அரசே திட்டங்கள் கொண்டுவந்திருக்கிறது. நல்லவைதான். ஆனால் ஆய்வுக் குழு வரும் வாரத்தில் மட்டும் பளபளக்கும் வார்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கேட்காமலே தன் வார்டின் குறையைத் தானே எண்ணும் ஆள் வேறு.

அண்ணன் குதிகால் சிவப்பு சில நாளில் வடிந்தது. சர்க்கரைக்காரர் குதிகால் புண்ணானால் எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்குத் தெரியும். அண்ணியிடம் அதைச் சொல்லவில்லை.

22 வாரம் முடிந்ததும் பிள்ளைகள் போய்விடுவார்கள், அப்புறம் யார் பார்ப்பது என்று அவர்களின் ஆசிரியையிடம் கேட்டேன். நாலாவது படியே அதுதான், அதுதான் கஷ்டமும் என்றார். வார்டு இன்சார்ஜ் சிஸ்டர் தாளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். முன்பு எரிந்து விழுந்த அதே ஸ்டாஃப்தான் ராத்திரி ஷிஃப்டில் அதை விடாமல் நடத்துகிறாராம். அடுத்த குழு வந்து முதலில் எண்ணிப் பார்த்ததில் சில கட்டில்களில் தாள் காலியாக இருந்திருக்கிறது. காரணம் தேடினால், பேனா காணாமல் போயிருக்கிறது. இப்போது ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு பென்சிலைப் பேண்டேஜ் துணியால் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள்.